பூட்டை விடக் கொண்டியைப் பாருங்கள்: கொழும்பில் தோட்டக் கொட்டில் களவும் சேதமும்

ஆமைப்பூட்டு பூட்டினபடியே தொங்கும். அதில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால், கொண்டியின் தகடு பலகையிலிருந்து பெயர்ந்து, அதைப் பிடித்திருந்த நாலு ஸ்குரூ ஆணிகளும் பிடுங்கின பல்லுப் போல நீட்டிக்கொண்டிருக்கும். ஆணியின் மரையில் உக்கின மரத்தூள் ஒட்டியிருக்கும். கீழே நிலத்தில் அலவாங்கு ஒன்று கிடக்கும். பெரும்பாலும் அது கள்ளன் கொண்டுவந்ததல்ல. முதல்நாள் குழி தோண்டிவிட்டு வாழையடியில் நாங்களே சாத்திவிட்டுப் போனது.

கொழும்பில் தோட்டக் கொட்டில் உடைபடும் விதம் அநேகமாக இதுதான். பூட்டு வாங்கும்போது செலவைப் பார்க்காமல் பெரிதாக வாங்குகிறோம். அதைப் பிடித்திருக்கும் கொண்டிக்கும், கொண்டியைப் பிடித்திருக்கும் ஆணிக்கும், ஆணியைப் பிடித்திருக்கும் பலகைக்கும் ஒன்றும் செய்வதில்லை.

இங்கிலாந்தில் மாநகரசபை காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மெண்ட் முறை இங்கே இல்லை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தில் தொடர்மாடியின் பின்வளவு, கோயில் காணி, கால்வாய்க் கரையோரத் துண்டு, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் சும்மா கிடந்த வெற்றுக்காணி, இப்படித்தான் பங்குத்தோட்டங்கள் உருவாகின. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, 2022இல் மரக்கறி விலை ஏறி, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கி வீட்டில் பயிர் செய்யச் சொன்ன காலத்தில் பலர் மண்வெட்டி வாங்கினார்கள். அந்த மண்வெட்டிகளை வைக்கத்தான் தகரத்தாலும் பழைய பலகையாலும் கொட்டில்கள் எழும்பின. அவசரத்தில் கட்டினவை. மழைக்கு ஒதுங்கக் காணும், களவுக்குக் காணாது.

லண்டனில் தோட்டத்துண்டு வைத்திருக்கும் உறவினர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு ஆலோசனை இங்கேயும் பொருந்தும்: கொட்டிலுக்குள் பெறுமதியானது ஒன்றும் இல்லையென்றால் பூட்டவே வேண்டாம். களவு போகும் வாளியின் விலையை விட உடைந்த கதவின் செலவு கூட. இது எல்லாருக்கும் ஏற்புடையதல்ல. ஆனால் பூட்டை மாற்றுவதற்கு முன்பு எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி அதற்குள் இருக்கிறது: உள்ளே இருப்பதில் எது அன்றைக்கே காசாகும்?

யார் வந்து போனது என்று தடயம் சொல்லும்

எல்லா உடைப்பும் ஒரே ஆளின் வேலை அல்ல. ஆளுக்கு ஏற்ற மாதிரித்தான் மருந்தும்.

பித்தளை டெப், பம்பின் செப்பு வயர், அலுமினிய ஏணி, இரும்புச் சங்கிலி போயிருக்கிறது, விதைப் பொட்டலமும் பிளாஸ்டிக் பூவாளியும் அப்படியே கிடக்கின்றன என்றால், பழைய இரும்புக் கடையில் நிறுத்துக் காசாக்க வந்தவர். போதைக்கு அடிமையானவர்கள் பலர் இப்படித்தான் அன்றன்றைய செலவைத் தேடுகிறார்கள். எரிந்த ஈயத்தாள், வெட்டின ஸ்ட்ரோ, லைட்டர் கிடந்தால் அதுவே அடையாளம். இவர்கள் திரும்பி வருவார்கள். நீங்கள் புது டெப் பூட்டுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அட்டைப்பெட்டி விரித்துக் கிடக்கிறது, மெழுகுதிரிக் கட்டை இருக்கிறது, ஒன்றும் போகவில்லை என்றால் அவர் மழைக்கு ஒதுங்கிப் படுத்தவர். அவரைக் கள்ளன் என்று விரட்டுவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. கொட்டிலின் கூரையை ஒரு பக்கம் நாலடி வெளியே இழுத்து, கீழே இரண்டு சிமெந்துக் கல் போட்டால் கதவு தப்பும். பூட்டிய கதவை உடைத்து உள்ளே படுப்பவர் திறந்த தாழ்வாரம் இருந்தால் அங்கேயே படுத்துவிட்டு விடிய எழும்பிப் போய்விடுவார்.

நாற்றுகள் மிதிபட்டு, தண்ணீர் பரல் புரட்டப்பட்டு, சுவரில் பெயின்ற் பூசி, ஒரு சாமானும் போகாமல் இருந்தால் பெடியன்கள். பள்ளிக்கூட விடுமுறையில் இது கூடும். வாழைக்குலையும் பப்பாளியும் முருங்கைக்காயும் மட்டும் போனால் அயலில் யாரோ. ஒரே ஒருவருடைய பாத்தி மட்டும் திரும்பத் திரும்ப நாசமானால், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், குழுவுக்குள்ளே உள்ள மனக்கசப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு எந்தப் பூட்டும் உதவாது.

உள்ளே இருப்பதைக் குறையுங்கள்

தண்ணீர் மோட்டாரைக் கொட்டிலில் வைக்காதீர்கள். அரைக் குதிரைவலு மோட்டார் என்றால் ஒரு ஆள் தூக்கலாம். அதாவது கள்ளனும் தூக்கலாம். மோட்டாரைக் குழாயோடு நிரந்தரமாக ஒட்டாமல், இரண்டு பக்கமும் கையால் கழற்றக்கூடிய யூனியன் மூட்டுப் போட்டால் வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக ஐந்து நிமிடம் காணும். நீண்ட செப்பு வயரை நிலத்தோடு விட்டுவைக்காமல் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை டெப்பைக் கழற்றிவிட்டு பீ.வீ.சி. டெப் போடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பித்தளை டெப்பை முறுக்கி உடைக்கும்போது குழாயும் சேர்ந்து உடைந்து, இரவு முழுக்கத் தண்ணீர் ஓடி, மாதக் கடைசியில் வரும் பில்தான் உண்மையான நட்டம். தண்ணீர் மீற்றரும் பித்தளை உடம்பென்றால் அதைச் சுற்றி 12 மில்லிமீற்றர் கம்பியில் ஒரு கூடு அடித்து, அடியைக் கொங்கிரீட்டில் புதையுங்கள். வாசிப்பு எடுப்பவருக்கு முகப்புத் தெரியவேண்டும், மூடியும் திறக்கவேண்டும். மீற்றர் போனால் பொலிஸ் முறைப்பாட்டோடு நீர் வழங்கல் சபைக்கும் 1939இல் அறிவியுங்கள்.

பூச்சிமருந்தை ஒருபோதும் கொட்டிலில் வைக்கவேண்டாம். உடைந்த கொட்டிலுக்குள் முதலில் நுழைவது அயலிலுள்ள சின்னப்பிள்ளைகள். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மருந்து எதுவாக இருந்தாலும் ஆபத்து. உடைப்புக்குப் பிறகு திறந்திருக்கும் உரம், மருந்து, குடிதண்ணீர்ப் போத்தல் எதையும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். யார் எதைக் கலந்தார் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மீதமாகும் மண்வெட்டி, அலவாங்கு, கொடுவாக்கத்தி, தள்ளுவண்டி இவற்றுக்கு அடையாளம் வையுங்கள். மண்வெட்டியின் கழுத்துப் பகுதியில், பிடி நுழையும் வளையத்துக்குக் கிட்ட, எழுத்து அச்சு உளியால் குழுவின் இரண்டு எழுத்தும் ஓர் இலக்கமும் அடியுங்கள். பெயின்றால் எழுதினால் கல்லில் நாலு தரம் உரசினால் போய்விடும். அச்சு உளி பதித்ததை அரத்தால் தேய்த்தாலும் தேய்த்த இடமே காட்டிக்கொடுக்கும். மரப்பிடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டு எழுதுங்கள். அதற்கு மேல் கண்ணைப் பறிக்கிற செம்மஞ்சள் பெயின்ற் ஒரு சாண் அகலத்துக்குப் பூசினால், வீதியில் தூக்கிக்கொண்டு போகவே யோசிப்பார்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, மோட்டாரின் தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் அதே படங்களோடு சேர்த்து வையுங்கள். பொலிஸில் “ஒரு மண்வெட்டி” என்று சொல்வதற்கும் “கழுத்தில் கே.டி. 7 என்று அச்சடித்த, செம்மஞ்சள் பிடி போட்ட மண்வெட்டி” என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கதவு: எங்கே பலம், எங்கே பலவீனம்

கொண்டியை ஸ்குரூ ஆணியால் பூட்டவே கூடாது. தலை உருண்டையாக, வெளியிலிருந்து ஸ்பானர் பிடிக்க இடமில்லாமல், தலைக்குக் கீழே கழுத்துச் சதுரமாக இருக்கிற போல்ட் கடையில் கிடைக்கும். 8 மில்லிமீற்றர் தடிப்பு வாங்குங்கள். ஓரங்குலப் பலகைக்கு 50 மில்லிமீற்றர் நீளம் காணும். கொண்டியின் துளை வட்டமாக இருந்தால் சின்ன அரத்தால் சதுரமாக்குங்கள். இல்லாவிட்டால் முடுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றும். பலகையை முழுதாகத் துளைத்து, போல்ட்டின் முனையை உள்பக்கம் வெளியே எடுத்து, அங்கே 3 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புப் பட்டை ஒன்றைக் கொண்டியின் நீளத்துக்கு வெட்டி வைத்து, வாஷரும் நட்டும் போட்டு முடுக்குங்கள். முடுக்கின பிறகு நட்டுக்கு வெளியே நிற்கும் மரையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினால் நட் கழராது.

இரும்புப் பட்டையைத் தவறவிடாதீர்கள். வெறும் வாஷரோடு நின்றால், அலவாங்கால் நெம்பும்போது மாரிகாலத்தில் ஊறின பலகை வாஷரின் அளவுக்கே பிய்ந்து வரும். பட்டை போட்டால் நெம்புகிற பலம் முழுப் பலகைக்கும் பரவும். நிலைப் பக்கத்து நாதாங்கிக்கும் இதே வேலையைச் செய்யவேண்டும். கதவுப் பக்கத்தைப் பலப்படுத்திவிட்டு நிலையில் இரண்டு ஆணியோடு விட்ட கொட்டில்கள் எத்தனையோ உண்டு.

மூடினால் போல்ட்டின் தலைகளைத் தன் தகட்டாலேயே மறைக்கிற கொண்டியைக் கேட்டு வாங்குங்கள். பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பூட்டையும் அங்கேயே கொண்டியில் மாட்டிப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் வளையம் உள்ள பூட்டை வாங்கிக்கொண்டு வந்து, நாதாங்கி ஓட்டைக்குள் நுழையாமல், கடைசியில் பழைய 6 மில்லிமீற்றர் பூட்டையே மாட்டிவிடுவது வழக்கமாக நடக்கிற பிழை. இரண்டடிக் கம்பிவெட்டி ஒன்று 6 மில்லிமீற்றர் சாதாரண இரும்பை நொடியில் வெட்டும். வளையம் 10 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கடினமாக்கின உருக்காகவும் இருக்கவேண்டும். வளையம் எவ்வளவு குறைவாக வெளியே தெரிகிறதோ அவ்வளவு நல்லது; நெம்புகிற கம்பி நுழைய இடமிருந்தால் வெட்டத் தேவையே இல்லை.

கடற்கரைப் பக்கம், காலி வீதிக்கும் ரெயில் பாதைக்கும் இடையிலுள்ள வளவுகளில், உப்புக்காற்று பூட்டைத் தின்னும். பித்தளை உடம்புள்ள பூட்டு அங்கே தாக்குப்பிடிக்கும். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் வாரம் நன்றாகத் திறக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து களிபோல இறுகும். பென்சில் கூரைத் திறப்பின் பற்களில் கருக்கத் தேய்த்து, நாலைந்து தரம் உள்ளே விட்டுத் திருப்பினால் போதும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, பூட்டுக்கு மேலே கதவில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். மழை நேரே திறப்பு ஓட்டைக்குள் இறங்காது.

பிணைச்சல்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிப்பக்கம் திறக்கிற கதவென்றால் பிணைச்சலின் ஊசி வெளியே தெரியும். ஆணியும் கல்லும் இருந்தால் ஊசியைத் தட்டி எடுத்து, பூட்டைத் தொடாமலே கதவைத் தூக்கி வைத்துவிடலாம். ஊசியின் இரு முனையிலும் ஒரு பொட்டு வெல்டிங் போதும். அதோடு பிணைச்சல் பக்கத்துக் கதவு விளிம்பில் 10 மில்லிமீற்றர் இரும்பு முளை இரண்டை இறக்கி, அவை 12 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்படி விட்டு, கதவு மூடும்போது நிலையில் துளைத்த ஓட்டைக்குள் போய் உட்காரச் செய்யுங்கள். ஊசியே இல்லாவிட்டாலும் கதவு அசையாது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் துளையுங்கள். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் மரம் ஊதும்.

சுவரும் கூரையும் தகரமென்றால் கதவை விட அதுதான் சுலபமான வழி. தகரத்தைப் பிடித்திருக்கும் ஆறுமூலை ஸ்குரூவுக்கு 8 மில்லிமீற்றர் சொக்கட் ஒன்று போதும். ஒரு பக்கத் தகரத்தைச் சத்தமே இல்லாமல் கழற்றி, சாமானை எடுத்துவிட்டு, திரும்பச் சாத்தி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கீழ்வரிசையில் மூன்றுக்கு ஒன்றைக் கழற்றி, 4.8 மில்லிமீற்றர் பொப் ரிவெட் அடித்துவிடுங்கள். தகரத்தின் அடிவிளிம்பு நிலத்தில் முட்டிக்கொண்டு மட்டும் நின்றால் தோண்டி உள்ளே போவார்கள். ஓரடி ஆழத்துக்குச் சிமெந்துக் கல் ஒரு வரிசை புதைத்து, அதில் சட்டத்தை அங்கர் போல்ட்டால் இறுக்குங்கள்.

கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்து அதை உடைத்து இறங்கியிருந்தால், துண்டுகளைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நன்றாக ஈரமாக்கி, முகக்கவசம் போட்டு, கையுறையோடு பொறுக்கி, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். மிச்சத் தூளை ஈரத் துணியால் துடைத்து, துணியையும் அதே பையில் போடுங்கள். காய்ந்த தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. உடைந்த இடத்துக்குத் திரும்ப அஸ்பெஸ்டஸ் போடாமல் தகரம் போடுங்கள்.

நல்ல கதவு போட முடியாத கொட்டிலென்றால் கதவை விட்டுவிடுங்கள். தடித்த இரும்புப் பெட்டி ஒன்றைக் கொங்கிரீட் தளத்தில் நாலு அங்கர் போல்ட்டால், பெட்டிக்கு உள்ளிருந்து இறுக்கி, சாமானை அதில் வையுங்கள். வெளிக்கதவு வெறும் கொக்கியோடு இருக்கட்டும். எங்கள் கணிப்பில், செலவைப் பார்த்தால் இதுவே பெரும்பாலான தோட்டங்களுக்கு நல்ல வழி.

வெளிச்சம், சத்தம், கண்

சோலார் சென்சர் லைட் நன்மை தரும், சரியாக வைத்தால். அந்தச் சென்சர் தன்னை நோக்கி நேரே வருபவரை விட, தனக்குக் குறுக்கே கடப்பவரைத்தான் விரைவில் பிடிக்கும். அதனால் கதவுக்கு மேலே வைக்காமல், பாதைக்குப் பக்கவாட்டில், எட்டடி உயரத்தில் வையுங்கள். பலா மரத்து நிழலில் வைத்தால் நடுச்சாமத்துக்கு முன்பே அணைந்துவிடும். தகட்டை முழுதாகப் படுக்கவைக்காமல் கொஞ்சம் சரித்தால் மழை அழுக்கைக் கழுவும். பற்றரி ஓரிரு வருடத்தில் தளரும். லைட் பழுதென்று எறியாமல் பற்றரியை மாற்றுங்கள்.

கதவில் ஒட்டும் காந்த அலாரம் மலிவு, சத்தமும் காணும். கொழும்பு ஈரப்பதனில் அதன் பற்றரி முனைகள் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து சத்தத்தைக் கேட்டுப் பார்க்காவிட்டால் அது சுவரலங்காரம்தான்.

கமராவைப் பற்றி ஒரு வார்த்தை: படம் கமராவுக்குள்ளேயே அட்டையில் பதிந்தால், கமராவோடு படமும் களவு போகும். படம் உடனே தொலைபேசிக்கு வரவேண்டும், அல்லது கமரா தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலிருந்து கீழே பார்க்கவேண்டும். அயல்வீட்டு ஜன்னலைப் பார்க்கும்படி வைக்காதீர்கள். களவு நிற்கமுன் சண்டை வரும். பொய்க் கமரா வாங்குகிற காசுக்கு ஒரு நல்ல கொண்டி வாங்கலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஆட்கண். கதவு எந்தப் பக்கம் பார்க்கிறது? கால்வாய்ப் பக்கமா, மாடிவீடுகளின் குசினி ஜன்னல் பக்கமா? கதவை மாற்ற முடிந்தால் குசினிப் பக்கம் மாற்றுங்கள். கதவுக்கு முன்னால் வாழை வைக்காதீர்கள். ஒரு வருடத்தில் புதராகி, ஒரு ஆள் அரை மணித்தியாலம் நின்று நெம்பினாலும் தெரியாமல் மறைத்துவிடும். ஒழுங்கைப் பக்கத்துக் கிளிசரியா வேலியை நெஞ்சளவுக்கு வெட்டுங்கள். பின்பக்கம், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், போகன்விலாவும் எலுமிச்சையும் நெருக்கமாக வளரட்டும்.

மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரடியாகக் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது சட்டவிரோதம். சாகப்போவது கள்ளனாக இருக்கவேண்டியதில்லை. பந்தெடுக்க வந்த பிள்ளையாகவும், விடிய வேலிக்கு வந்த நீங்களாகவும் இருக்கலாம்.

திறப்பு விஷயம் தனியே சொல்லவேண்டியது. பதினைந்து பேர் தோட்டத்தில் பதினைந்து திறப்பு இருந்தால் பூட்டு பெயருக்குத்தான். இலக்கப் பூட்டென்றால் நாலு இலக்கம் உள்ளதை எடுங்கள். மூன்று இலக்கத்தில் ஆயிரம் சேர்க்கைதான், பொறுமையாகச் சுழற்றினால் அரை மணித்தியாலத்துக்குள் திறந்துவிடும். பூட்டின பிறகு நாலு சில்லையும் கலைத்துவிடவேண்டும்; ஒரு சில்லை மட்டும் தட்டிவிட்டுப் போவதுதான் எல்லாரும் செய்வது. யாராவது குழுவை விட்டுப் போனால் அன்றைக்கே இலக்கத்தை மாற்றுங்கள். அது அவர் மீதான சந்தேகம் அல்ல, எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு என்று தொடக்கத்திலேயே பேசிவைத்தால் மனத்தாங்கல் வராது.

மாலை ஆறு மணிக்கு ஒருவர் முறைவைத்துப் போய்ப் பார்த்து, மூடிய கதவின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவது நல்ல பழக்கம். அலவாங்கு, ஏணி, சங்கிலி வெளியே கிடக்கிறதா என்பதும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், தைப்பொங்கலும், சித்திரைப் புத்தாண்டும் வந்தால் பாதிப்பேர் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். தோட்டம் வெறிச்சோடியிருப்பது தெருவுக்கே தெரியும். அந்த நாட்களுக்கு முஸ்லிம், சிங்கள அயலவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வெண்டியும் கத்தரியும் நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போங்கள். பறிக்க வருகிறவரின் கண்ணே காவல். நோன்புக் காலத்திலும் வெசாக்கிலும் அவர்கள் உங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

உடைத்த காலையில்

உள்ளே யாரும் இருக்கக்கூடும் என்று தோன்றினால் போகாதீர்கள். தள்ளி நின்று 119ஐ அழையுங்கள். ஆளில்லை என்றாலும் உடனே கூட்டித் துடைக்கவேண்டாம். முதலில் படம்: தூரத்திலிருந்து முழுக் கொட்டில், பிறகு கதவு, பிறகு நெம்பின தடத்தைக் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியோ அடிமட்டமோ வைத்து. இரவு மழை பெய்திருந்தால் ஈரமண்ணில் செருப்படித் தடம் இருக்கும். அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். போன சாமான், உடைந்த சாமான் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

பொலிஸ் முறைப்பாட்டைச் சின்னக் களவென்று விட்டுவிடாதீர்கள். அந்தக் காணிக்குப் பொறுப்பான நிலையம் எது என்று பார்த்துப் போங்கள்; கால்வாயின் இந்தக் கரைக்கு ஒரு நிலையம், அந்தக் கரைக்கு இன்னொன்று என்று இருப்பதால் அலைச்சல் உண்டு. களவு, அத்துமீறி நுழைதல், சேதம் விளைவித்தல் மூன்றும் வேறுவேறு குற்றம், மூன்றையும் சொல்லுங்கள். தமிழ் ஆட்சிமொழி. தமிழிலேயே முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதினால், அதைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். காணி உங்கள் பெயரில் இல்லையென்றால், கோயில் நிர்வாகமோ தொடர்மாடி முகாமைக் குழுவோ தந்த அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கொண்டுபோங்கள்; “நீங்கள் யார், அங்கே எப்படி இருக்கிறீர்கள்” என்ற கேள்விதான் முதலில் வரும். அப்படியொரு கடிதம் இதுவரை இல்லையென்றால், களவு நடக்கமுன் அதை வாங்குங்கள்.

உங்கள் சாமான் பழைய இரும்புக் கடையில் கிடப்பதைக் கண்டால் பிடுங்கச் சண்டை போடாதீர்கள். அடையாளம் தெரியப் படமெடுத்து, பொலிஸோடு திரும்பிப் போங்கள். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தால் கட்டிவைத்து அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சின்னக் களவுக்காக ஒருவரின் உயிர் போனதும், அடித்தவர்கள் வழக்கில் மாட்டினதும் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன.

பிறகு துப்புரவு. தடித்த கையுறை போட்டு, கண்ணாடித் துண்டையும் ஊசி கிடந்தால் அதையும் இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் போடுங்கள். கையால் மண்ணைக் கிளறாதீர்கள். அடுத்தது தண்ணீர். புரட்டின பரல், உடைந்த தாங்கி, கவிழ்ந்த பூச்சட்டி ஒவ்வொன்றும் டெங்கு நுளம்புக்கு வீடு. முட்டையிலிருந்து நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் காணாது; முட்டை பரலின் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உள்சுவரைத் தும்புத்தூரிகையால் அழுத்தித் தேய்க்கவேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி காணியை வைத்திருப்பவர்தான் பொறுப்பு. பரிசோதகரிடம் கள்ளன் உடைத்துவிட்டான் என்று சொல்லித் தப்பமுடியாது.

கதவைப் பொழுதுபடமுன் மூடுங்கள். இதற்கென்றே கொஞ்சச் சாமானை யாராவது ஒருவர் வீட்டில் வைத்திருக்கவேண்டும்: 9 மில்லிமீற்றர் பிளைவூட் நாலடிக்கு இரண்டடித் துண்டு ஒன்று, மேலே சொன்ன போல்ட் எட்டு நட்டோடும் வாஷரோடும், இரும்புப் பட்டை இரண்டு, ஒரு மிச்சக் கொண்டி, ஒரு பூட்டு, இரண்டு மீற்றர் சங்கிலி, சுத்தியல், கைத்துளைப்பான். உடைந்த கதவை ஒரு கிழமை விட்டால் இரண்டாம் தரம் வருவார்கள், வேறு ஆட்களும் வருவார்கள். சுவரில் கிறுக்கினதையும் அன்றைக்கே சுண்ணாம்படித்து மறையுங்கள்; கிறுக்கினவன் தன் வேலையைப் பார்க்க வரும்போது அது அங்கே இருக்கக்கூடாது.

மிதிபட்ட நாற்றுகளுக்காக மொட்டைமாடியிலோ பல்கனியிலோ எப்போதும் ஒரு தட்டு மிச்ச நாற்று வளர்த்துவையுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு போதும். நாசமான பாத்தி மறுநாளே பச்சையாக இருந்தால் நட்டவருக்கும் மனம் உடையாது. வாழைக்குலையை முக்கால் விளைச்சலில் வெட்டுங்கள். பப்பாளியில் முதல் மஞ்சள் கீற்றைக் கண்டதும் பறியுங்கள். இரண்டும் வீட்டில் பழுக்கும்.

பெடியன்கள் யாரென்று தெரிந்தால் பொலிஸுக்கு முதல் தாய் தகப்பனிடம் போங்கள். கோபத்தோடல்ல, புரட்டின பரலின் படத்தோடு. அயலவர்களுக்கிடையிலான சேதத் தகராறுகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. பரலைச் சேர்ந்து கழுவி, பாத்தியைத் திருத்திக் கொடுக்க அந்தப் பிள்ளை ஒத்துக்கொண்டால், வேலிப் பக்கத்தில் நாலடிக்கு மூன்றடி ஒரு பாத்தியை அவனுக்கே கொடுங்கள். முதலில் சின்னச் சிவப்பு முள்ளங்கி போடச் சொல்லுங்கள். நாலு கிழமையில் பிடுங்கலாம். அந்த வயதில் அதற்கு மேல் காத்திருப்பது கஷ்டம்.